யார் கை தூக்கினாலும்

அவரோடு சைக்கிளில் போவது ஒரு தண்டனை. இதை அவர் முகத்துக்கு நேராகவே பலமுறை சொல்லியிருக்கிறேன். ராயபுரத்தில் கிளம்பி, திருவொற்றியூர் தாண்டி, கடலோரமாகவே எண்ணூர் வரை போய்த் திரும்ப ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒன்றரை மணி நேரம் போதும். அவரோடு போனால் இரண்டரை மணி நேரம். மெதுவாக மிதிக்கிறவர் என்று நினைத்துவிடாதீர்கள். ஐம்பத்திரண்டு வயதில் அவர் மிதிக்கிற மிதிக்கு, ஆறு வயது இளையவனான எனக்கு நாக்கு வெளியே தள்ளிவிடும். சிக்கல் வேறு. வழியில் யாராவது கையைத் தூக்கினால் நின்றுவிடுவார்.

யாராவது என்றால் யாராவதுதான். பஸ்ஸை நிறுத்தக் கை காட்டுகிறவர், எதிர்ப்பக்கம் போகிற சிநேகிதனைக் கூப்பிடுகிறவர், மாடியில் நின்று சோம்பல் முறிக்கிறவர், எல்லோருக்கும் நிற்பார். ஒருமுறை காசிமேட்டுப் பக்கம் மீன் கூடையோடு நின்ற ஓர் அம்மா ஷேர் ஆட்டோவுக்குக் கையைத் தூக்கினார். இவர் பிரேக்கை அழுத்தி, அந்த அம்மாவின் காலடியில் போய் நின்றார்.

"இன்னாமா, இன்னா ஆச்சு?"

"இன்னாத்த ஆவறது? ஆட்டோவ கூப்ட்டா நீ வந்து நிக்கற. கூடையோட உன் சைக்கிள்ல குந்திக்கவா?"

"இல்லமா, கை தூக்குனியே…"

"தூக்குனா? நீ ஆட்டோவா?"

வழியை இவர் மறித்ததில் ஆட்டோ நிற்காமலே போய்விட்டது. அந்த அம்மா அதற்கப்புறம் சொன்னதை இங்கே எழுத முடியாது. அவர் அத்தனையையும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு, "சரிமா, ஒண்ணும் ஆவல இல்ல? வர்ட்டா?" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். நான் பத்தடி தள்ளி, இவரை எனக்குத் தெரியவே தெரியாது என்கிற மாதிரி டயரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவர் வேலை அப்படி. எண்ணூர் பக்கத்தில் ஒரு தனியார் யார்டில் கிரேன் ஆபரேட்டர். கப்பலில் வந்து இறங்குகிற இரும்புச் சுருள்களைத் தூக்கி லாரியில் வைக்கிற கிரேன். தென்னை மர உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டு. அதில் ஏறி உட்கார்ந்தால் சாப்பாட்டுக்குத்தான் இறங்குவார். தூக்கு, இறக்கு, இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று கையால் சொல்லக் கீழே ஒருவர்தான் உண்டு. அந்த ஒருவர் கையைத் தவிர வேறு யார் கைக்கும் கிரேன் அசையக் கூடாது. ஆனால் 'நிறுத்து' என்பதற்கு மட்டும் அந்தச் சட்டம் கிடையாது. மேனேஜர் தூக்கினாலும் சரி, பெருக்குகிற அம்மா தூக்கினாலும் சரி, வழி தவறி உள்ளே வந்தவன் தூக்கினாலும் சரி, கிரேன் நிற்கவேண்டும். முதலில் நிறுத்து, அப்புறம் கேள். இருபத்தெட்டு வருஷம் இந்த ஒரு காரியத்தைச் செய்தவரின் கை, தரையில் இறங்கிய பிறகும் அதையே செய்தது.

நான் தண்டையார்பேட்டையில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். பிறந்தது இங்கேதான், அப்பா தூத்துக்குடிப் பக்கம். வடசென்னையில் கடை போட்டவன் எல்லோரும் அண்ணாச்சிதான் என்பதால், வயதில் மூத்த அவரும் என்னை அண்ணாச்சி என்பார். நான் அவரை அண்ணே என்பேன். நாங்கள் பேசுவதைக் கேட்கிறவர்களுக்கு யார் பெரியவர் என்பது கடைசிவரை தெரியாது.

சர்க்கரை ஏறிவிட்டது, நடங்கள் என்றார் டாக்டர். நடப்பது எனக்குப் பிடிக்காது. ஒரு கியர் சைக்கிள் வாங்கினேன். அதை ஓட்டிக்கொண்டு கொருக்குப்பேட்டைப் பக்கம் போன ஒரு காலையில், ரயில் பாதைக்கு மேலே போகிற நடைபாலத்தின் படிகளில் ஒருவர் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஏறுவதைப் பார்த்தேன். பாவம், பஞ்சர் போலிருக்கிறது என்று நினைத்தேன். மேலே போனவர் சைக்கிளில் ஏறி உட்கார்ந்து, அத்தனை படிகளிலும் தடதடவென்று ஓட்டிக்கொண்டே இறங்கினார். இறங்கியதும் மறுபடி தோளில் தூக்கினார். ஏழாவது தடவை கீழே வந்தபோது கேட்டே விட்டேன்.

"என்னண்ணே, ஏதாவது வேண்டுதலா?"

"வேண்டுதலும் இல்ல, ஒண்ணும் இல்ல. மலைல சைக்கிள் ரேஸ் கீது. நம்ம ஏரியால மலைக்கு எங்க போவேன்? இத்தான் நம்ம மலை."

வடசென்னையில் மேடு என்று பெயர் வைத்த இடம் எல்லாம் தட்டை. அவர் மலையைத் தானே கண்டுபிடித்து வைத்திருந்தார். ஏற்றத்துக்குக் கண்டெய்னர் லாரிகள் ஊர்கிற மேம்பாலம், இறக்கத்துக்கு நடைபாலத்துப் படி, கல் பாதைக்குக் கடல் அரிக்காமல் கொட்டி வைத்திருக்கிற பாறைகள், மணலுக்கு எண்ணூர் முகத்துவாரம். சைக்கிளும் அப்படிக் கண்டுபிடித்ததுதான். பெரம்பூரில் ஒரு வீட்டு பால்கனியில் துணி காயப்போட்டு வைத்திருந்ததைக் கீழே இருந்து பார்த்து, மேலே ஏறிப் போய், அவர்கள் வீட்டுத் துண்டையும் பாவாடையையும் மடித்து ஓரமாக வைத்துவிட்டு விலை பேசியிருக்கிறார்.

அன்றைக்குப் பிடித்த சனியன்தான். அடுத்த மாதமே ஜவ்வாது மலையில் ஒரு பந்தயத்துக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். இதையெல்லாம் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். ஆர்வக் கோளாறு உள்ளவர்கள் சேர்ந்து நடத்துகிற பந்தயங்கள். காட்டுப் பாதையில் மூன்று சுற்று. வயதுவாரியாகப் பிரிப்பார்கள். நாற்பத்தைந்துக்கு மேற்பட்டவர்கள் என்று அன்றைக்குப் பதினோரு பேர். அதில் நான் பதினொன்றாவது.

அவர் மூன்றாவதாக வந்திருக்கவேண்டும். முதல் சுற்றில் இரண்டாவதாகக்கூட இருந்தார். இறக்கத்தில் அவரைப் போல ஓட்ட அங்கே ஆள் இல்லை. கொருக்குப்பேட்டைப் படியில் பழகினவருக்கு மலைச்சரிவு சமதரை. ஆனால் இரண்டாவது சுற்றில் ஒரு ஊரின் ஓரமாகப் பாதை திரும்பும் இடத்தில், பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருபது பேர் வரிசையாக நின்று, போகிறவர்கள் தட்டிவிட்டுப் போகட்டும் என்று கையை நீட்டி உயர்த்திக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் தட்டிக்கொண்டே போனார்கள். இவர் நின்றார். இறங்கினார். "இன்னா கண்ணு, யாருக்கு இன்னா ஆச்சு?" என்று முதல் பிள்ளையிடம் கேட்டார். அந்தப் பிள்ளை பயந்து கையைக் கீழே போட, பக்கத்துப் பிள்ளையிடம் கேட்டார். கடைசி ஆளாக நான் அங்கே வந்து சேர்ந்தபோது பிள்ளைகள் அவரைச் சுற்றி நின்று சைக்கிளின் கியரை மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வேனில் திரும்பும்போது எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. "பந்தயத்துல கூடவாண்ணே நிக்கிறது?"

"மண்டைக்குத் தெரியுது அண்ணாச்சி. கைக்குத் தெரில. கை தூக்குனத கண்ணு பாத்துச்சுன்னா, என்னாண்ட கேக்காம கை தானா பிரேக்க புடிச்சிடுது."

அப்படியே இரண்டு வருஷம் போனது. ஏலகிரி, ஜவ்வாது, மறுபடி ஏலகிரி என்று நாலாவதாகவும் ஐந்தாவதாகவும் வந்துகொண்டிருந்தார். ஒவ்வொரு முறையும் ஏதாவது ஒரு கை. ஆடு மேய்க்கிறவர் ஆட்டை விரட்டத் தூக்கிய கை, போட்டோ எடுக்கிறவர் கேமராவை உயர்த்திய கை. நான் மட்டும் பதினொன்றிலிருந்து ஒன்பது, ஏழு, ஐந்து என்று முன்னேறினேன். என்னுடைய முன்னேற்றத்தில் பாதி, அவர் படிகளில் என்னைப் போட்டு எடுத்த எடுப்பு.

அவருக்கு என்ன வேண்டும் என்பதை ஒருநாள் எண்ணூர்ப் பாறைகளில் உட்கார்ந்திருந்தபோது சொன்னார். பரிசு கொடுக்கிற இடத்தில் மூன்று பெட்டிகள் போட்டு மேலே ஏற்றுவார்கள் அல்லவா, அதில் மூன்றாவது பெட்டி. முதலாவது இரண்டாவதெல்லாம் வேண்டாமாம்.

"அது ஒசரமா கீது. ஒசரத்துலதான் தெனம் குந்திகினு கீறேனே." சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார். "இருவத்தெட்டு வர்சமா மேலேர்ந்து பாக்கறேன் அண்ணாச்சி. என்னப் பாத்து தூக்கற கையெல்லாம் நிறுத்துன்னுதான் தூக்குது. ஒர்த்தன் தட்டுனதில்ல. நம்ம பேர சொல்லி, நமக்குன்னு தட்டணும். ஒரே ஒரு தபா. அப்பால இந்த சைக்கிள நானே துணி காயப் போட்டுடுவேன்."

இதைக் கேட்டுவிட்டுத்தான் அதைச் செய்தேன் என்பதை மறைக்க முடியாது.

மூன்றாவது வருஷம் ஏலகிரியில் கடைசிச் சுற்று. முன்னால் இரண்டு பேர் கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் போய்விட்டார்கள். மூன்றாவது அவர். நாலாவது நான். அன்றைக்கு அதிசயமாக யாரும் கையைத் தூக்கவில்லை. எனக்குப் பின்னால் ஆள் இல்லை. நாலாவதாக வந்தாலே என் வாழ்க்கையில் அது பெரிய விஷயம். ஆனால் மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில் ஒரு பெட்டி இருக்கிறதே. என் மைத்துனர் வீட்டுக்கு வரும்போதெல்லாம் "மாமா, இந்தத் தடவை கடைசிக்கு எத்தனாவது?" என்று கேட்பார். கடையில் மெடல் மாட்டுவதற்கு என்று ஆணிகூட அடித்து வைத்திருந்தேன். ஹார்டுவேர் கடைக்காரனுக்கு ஆணிக்கா பஞ்சம்?

அந்த இடத்தில் பாதை மடிப்பு மடிப்பாக இறங்கும். மேல் மடிப்பில் வருகிறவனுக்குக் கீழ் மடிப்பில் போகிறவன் தெரிவான். அவன் நிமிர்ந்தால் மேலே இருப்பவனும் தெரிவான். அவர் கீழே திரும்பும்போது, நான் எங்கே வருகிறேன் என்று நிமிர்ந்து பார்த்தார். போட்டிக்காகப் பார்க்கவில்லை, நான் பத்திரமாக இறங்குகிறேனா என்று பார்த்தார். நான் கையைத் தூக்கினேன்.

ஏதோ ஒரு வேகத்தில் தூக்கிவிட்டேன் என்றெல்லாம் சொல்லமாட்டேன். தூக்கினால் நிற்பார் என்று தெரிந்து தூக்கினேன்.

நின்றார். நின்றதோடு விடவில்லை. சைக்கிளைத் திருப்பிக்கொண்டு, என்னை நோக்கி மேட்டில் தள்ளிக்கொண்டு வந்தார். "இன்னா அண்ணாச்சி, இன்னா ஆச்சு?" என்ற குரல் மரங்களுக்கு நடுவிலிருந்து வந்தது. நான் வளைவில் திரும்பி, "ஒண்ணுமில்லண்ணே, கால் பிடிச்சுக்கிச்சு, இப்ப விட்டுடுச்சு" என்று கத்திக்கொண்டே அவரைத் தாண்டினேன். அதற்கப்புறம் ஒரு சின்ன மேடு, அதைத் தாண்டினால் முடிவுக்கோடு. அந்த மேட்டை நான் மிதித்த மிதி அதற்கு முன்னும் மிதித்ததில்லை, பின்னும் மிதித்ததில்லை.

மூன்றாவது பெட்டியில் ஏறி நின்றேன். மெடல் போட்டார்கள். பெயரைச் சொன்னார்கள். கீழே கூட்டத்தில் முன்வரிசையில் நின்று, எல்லோரையும்விடச் சத்தமாகக் கை தட்டியவர் அவர்.

இரண்டு நாள் கழித்துக் கடைக்கு வந்தார். கையில் ஒரு சின்ன பாட்டில். "சம்சாரம் காச்சுன தைலம். ராவுல தேச்சிகினு படு. கால் புடிப்ப அப்டியே உடக்கூடாது அண்ணாச்சி, அப்பால பேஜாராயிடும்." வாங்கி வைத்தேன். அவர் போன பிறகு அதைப் பெயிண்ட் டப்பாக்களுக்குப் பின்னால், கண்ணில் படாத இடத்தில் தள்ளிவிட்டேன்.

நாம் யாருக்குத் துரோகம் செய்தோமோ அவர் மேல் நமக்குக் கோபம் வருகிறது. இது ஏன் என்று எனக்கு இன்றும் புரியவில்லை. அவர் சிரித்தால் எரிச்சல். அவர் மிதிக்கும்போது வருகிற மூச்சுச் சத்தம் எரிச்சல். சாலையில் யாருக்காவது நின்றால், முன்பு கேலி செய்தவன், இப்போது "உங்களுக்குப் புத்தியே கிடையாதாண்ணே?" என்று நடுத்தெருவில் கத்தினேன். நான் ஞாயிற்றுக்கிழமைகளில் போவதை நிறுத்தினேன். கடையில் சரக்கு வருகிறது, வீட்டில் விருந்தாளி என்று நாலைந்து வாரம் ஓட்டினேன். மெடல் ஆணியில் தொங்கியது. மைத்துனர் அதைத் தொட்டுப் பார்த்து, "பரவால்லையே மாமா" என்றார். அதுவும் எரிச்சல்.

அந்தச் சமயத்தில்தான் அவர் வேலை செய்கிற யார்டுக்குப் பெயிண்ட் டின்களோடு போகவேண்டி வந்தது. வழக்கமாகப் போகிற ஆள் லீவு. நானே வேனில் போனேன். உச்சி வெயில். அவர் மேலே கூண்டில் இருந்தார். இரும்புச் சுருள் ஒன்று சங்கிலியில் தொங்கிக்கொண்டு லாரியை நோக்கி வந்துகொண்டிருந்தது. ஓரமாகப் பெருக்கிக்கொண்டிருந்த ஓர் அம்மா நிமிர்ந்து, நெற்றி வேர்வையைத் துடைக்கக் கையைத் தூக்கினார். கிரேன் நின்றது. அத்தனை டன் இரும்பும் அந்தரத்தில் லேசாக ஆடிக்கொண்டு நின்றது.

புதிதாக வந்த சூப்பர்வைசர் பாய்ந்து வந்தார். சின்ன வயது. "ஏம்மா, அறிவிருக்கா? வேலை நடக்குற இடத்துல கையைத் தூக்குறியே, லாரி எல்லாம் லைன்ல நிக்குது தெரியல?" அந்த அம்மா துடைப்பத்தை இறுகப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்தார்.

அவர் சுருளைத் தரையில் இறக்கிவைத்துவிட்டு, கூண்டிலிருந்து ஏணியில் இறங்கினார். அந்த உயரத்திலிருந்து ஒவ்வொரு கம்பியாக இறங்கிவர ஐந்து நிமிஷமாவது ஆகியிருக்கும். அதுவரைக்கும் அத்தனை பேரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றோம். வந்தவர் சூப்பர்வைசர் முன்னால் நின்றார்.

"சார், அந்தம்மாவ திட்டாத. வோணும்னா என்ன திட்டு."

"வேர்வை துடைச்சதுக்கெல்லாம் நிறுத்தினா வேலை எப்படிங்க ஓடும்?"

"ஓடாட்டி போவுது. முன்ன இங்க ஒரு ஹெல்பர் இருந்தான் சார். கண்ணு கூசுதுன்னு கைய தூக்குனான், நா நிறுத்துனேன். அப்போ இருந்த சூப்பர்வைசர் எல்லார் எதிர்லயும் அவன நாறடிச்சிட்டாரு. அடுத்த வாரமே இரும்புக் கயிறு பிரியறத அந்த ஹெல்பர்தான் மொதல்ல பாத்தான். கைய பாதி தூக்கிட்டான். தப்பா இருந்தா மறுபடியும் திட்டுவாங்களேன்னு யோசிச்சான். பாதி கை மேலேர்ந்து எனக்குத் தெரில சார். அவன் தோஸ்து ஒர்த்தனுக்குக் கால் பூட்ச்சி. சும்மா தூக்குன கைக்கு நூறு தபா நிக்கலாம். தூக்கத் தயங்குற கை ஒண்ணு இருந்தா போதும், நாம காலி. இனிமே அந்தம்மா தூக்கணும்னா தூக்கட்டும்."

சூப்பர்வைசர் ஏதோ முணுமுணுத்துவிட்டுப் போனார். அவர் என்னைப் பார்த்துவிட்டு, "அட, அண்ணாச்சி! கால் எப்டி கீது?" என்றார். நான் பெயிண்ட் டின்களை எண்ணாமலே இறக்கிவைத்துவிட்டு வேனில் ஏறிவிட்டேன்.

அடுத்த ஞாயிறு நானே அவர் வீட்டு வாசலில் போய் மணி அடித்தேன். எண்ணூர் வரை அவருக்குப் பின்னாலேயே மிதித்தேன். பாறைகள் மேல் சைக்கிள்களைச் சாய்த்துவிட்டு உட்கார்ந்தோம். சட்டைப் பையில் கொண்டுவந்திருந்த மெடலை எடுத்துப் பாறை மேல் வைத்தேன்.

"அண்ணே, அன்னைக்கு எனக்குக் கால் பிடிக்கல."

"தெரியும் அண்ணாச்சி."

"தெரியுமா?"

"கால் புடிச்சவன் அந்த மேட்டுல அந்த மிதி மிதிப்பானா? நா இன்னா கொயந்தையா?"

"அப்ப எதுக்குத் தைலம் கொண்டாந்தீங்க?"

அவர் கடலைப் பார்த்தார். "ஒருவேள நெஜமாவே புடிச்சிருந்தா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. நாற்பத்தொன்பது வயது ஆள், காலை எட்டு மணி வெயிலில், நாலு பேர் தூண்டில் போட்டுக்கொண்டிருக்கிற இடத்தில் அழுதேன். "திட்டுங்கண்ணே. நாலு வார்த்தை நல்லா திட்டிடுங்க. எனக்கு நிம்மதியா இருக்கும்."

"உனக்கு நிம்மதியா இருக்கும். நாளைக்கு மலைல எங்கனா உழுந்து கெடக்கறப்ப, போன தபா இந்தாள டபாய்ச்சோமேன்னு உன் கை பாதில நிக்கும். எனக்கு உன் கை முழுசா தெரியணும். திட்ட மாட்டேன்." சொல்லிவிட்டு மெதுவாகச் சேர்த்துக்கொண்டார். "ஆனா வவுறு எரிஞ்சிது அண்ணாச்சி. ரெண்டு நாளு சோறு எறங்கல. அத்தையும் தெரிஞ்சிக்கோ."

மெடலை அவர் பக்கம் தள்ளினேன். திருப்பித் தள்ளினார். "இத்த வெச்சிகினு நா இன்னா பண்றது? எனக்கா தட்டுனாங்க?"

அந்த வருஷக் கடைசியில் ஜவ்வாது மலையில் மறுபடி பந்தயம். அதற்கடுத்த வருஷம் மகள் வீட்டோடு ஓசூருக்குப் போய்விடப் போகிறோம் என்று அவர் சொல்லியிருந்ததால் இதுதான் கடைசி என்று இரண்டு பேருக்கும் தெரியும். நான் முழங்கால் வலி என்று பெயரே கொடுக்கவில்லை. அவர் உடனே, "நெஜமாவா?" என்றார். "நெஜமாத்தாண்ணே" என்று பொய் சொன்னேன். எனக்கு வேறு வேலை இருந்தது.

பந்தயம் தொடங்குவதற்கு முன்பே பாதை முழுக்க நடந்தேன். ஓரத்தில் நின்ற ஒவ்வொருவரிடமும், ஒவ்வொரு வீட்டு வாசலிலும், வேடிக்கை பார்க்க வந்த குடும்பங்களிடமும், கொடி வைத்துக்கொண்டு வழி காட்டுகிற பையன்களிடமும் ஒரே பாட்டு: "நாற்பத்தொண்ணாம் நம்பர் சட்டை போட்டவர் வரும்போது மட்டும் தயவுபண்ணி யாரும் கையைத் தூக்காதீங்க."

கேழ்வரகு காயவைத்துக்கொண்டிருந்த ஓர் அம்மா, "ஏன், தூக்கினா அந்தாளுக்குச் சாமி வந்துடுமா?" என்று கேட்டார்.

"சாமி வராதும்மா. ஆனா நின்னுடுவாரு. தோத்துடுவாரு."

என்ன புரிந்ததோ, அந்த அம்மா தன் பக்கத்தில் நின்றவர்களையெல்லாம் அதட்டிக் கையைப் பின்னால் கட்டவைத்தார். அது மற்றவர்களுக்கு ஒரு விளையாட்டாகிவிட்டது. மூன்று சுற்றிலும், நாற்பத்தொன்று வருகிறது என்று தெரிந்தவுடன் அந்த வளைவில் இருந்த ஜனம் அத்தனையும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, வாயால் மட்டும் ஓவென்று கத்தியது. அவர் ஒன்றும் புரியாமல் அவர்களைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார். ஒரு இடத்தில்கூட நிற்கவில்லை.

கடைசிச் சுற்றுக்கு நான் முடிவுக்கோட்டுக்கு வந்துவிட்டேன். முதல் ஆள் வந்தார். இரண்டாவது ஆள் வந்தார். பிறகு மரங்களுக்கு நடுவில் புழுதி கிளம்பியது. நாற்பத்தொன்று. மூன்றாவதாக வருகிறார். பின்னால், நன்றாகத் தள்ளி, சிவப்புச் சட்டை போட்ட ஒருவர். கோட்டுக்கு முப்பதடி. இருபதடி. அவர் முகம் முழுக்கப் புழுதி, பல் மட்டும் தெரிகிறது. அவர் சிரிக்கிறார் என்பதைப் பார்த்தேன். அவ்வளவுதான், எனக்கு என்ன ஆனதென்று தெரியவில்லை. "அண்ணே!" என்று அலறிக்கொண்டு இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினேன்.

கோட்டுக்குப் பத்தடி முன்னால், கல்லும் மண்ணும் சிதற, அவர் நின்றார்.

ஒரு காலைத் தரையில் ஊன்றி, மூச்சு வாங்க, "இன்னா அண்ணாச்சி, இன்னா ஆச்சு?" என்றார். மலை ஏறிவந்த களைப்புக்கு நடுவிலும் அந்தக் குரலில் நிஜமான பயம் இருந்தது.

சிவப்புச் சட்டை எங்களைத் தாண்டிக் கோட்டைக் கடந்தது. அவர் அதைத் திரும்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். என்னவென்று அவருக்குப் புரிந்துவிட்டது. முகம் ஒரு நிமிஷம் சுருங்கியது. திட்ட வாயெடுத்தார் என்றுதான் நினைக்கிறேன். திட்டவில்லை.

"ஒண்ணுமில்லண்ணே," என்றேன். "சந்தோஷத்துல…"

"தெரியுது. கைய எறக்கு அண்ணாச்சி," என்றார். "நீ எறக்குனாதான் நா போவ முடியும்."

என் கை இரண்டும் இன்னும் தலைக்கு மேலேயே இருந்தன. இறக்கினேன். அவர் பெடலில் காலை வைத்தார். இறக்கிய கைகளை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல், அவர் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டு, தட்ட ஆரம்பித்தேன்.